வீட்டுக் குளத்துக்கு கோய் மீனா, கோல்ட்ஃபிஷ்ஷா? முடிவு பண்றது உங்க குழிதான்

வீட்டுக்குப் பின்னாடி ஒரு குளம் வெட்டலாம்னு யாராவது கிளம்பினா மொத வேலையா மீன் கடைக்குத்தான் போறாங்க, அங்க தொட்டில வெள்ளையும் செவப்புமா ஒரு விரல் நீளத்துக்கு கோய்ங்கற ஜப்பான் கலர் கெண்டையோட குஞ்சு நீந்திட்டு இருக்கும், பக்கத்து தொட்டில அதே சைஸுக்கு ஆரஞ்சு கலர்ல கோல்ட்ஃபிஷ், ரெண்டும் அழகா இருக்கு ரெண்டுலயும் கொஞ்சம் குடுங்கன்னு வாங்கிட்டு வந்துடுறாங்க. அப்புறம் ரெண்டு வருஷத்துல கோய் முழங்கை நீளத்துக்கு வந்து நிக்கும்போதுதான் குளம் பத்தலன்னு தெரியும்.

எது அழகுங்கறத கொஞ்சம் தள்ளி வைங்க. உங்களுக்கு எவ்ளோ ஆழம் தோண்ட முடியும், எவ்ளோ தண்ணி நிக்கும், பம்பு ஃபில்டரெல்லாம் 24 மணி நேரமும் ஓட விடுவீங்களா, இந்த மூணுக்கும் பதில் சொல்லிட்டா மீன் தானா முடிவாயிடும்.

மொதல்ல தண்ணி கணக்கு. நீளம், அகலம், ஆழம் மூணையும் அடில அளந்து பெருக்கி, வர்ற நம்பர 28ஆல பெருக்குங்க, லிட்டர் வந்துடும். 10 அடி நீளம் 6 அடி அகலம் 4 அடி ஆழம்னா 240 கன அடி, கிட்டத்தட்ட 6,700 லிட்டர். ஓரம் சரிவா இருந்தா, நடுவுல படி மாதிரி விட்டிருந்தா அதுல கால்வாசியாவது கழிச்சுக்கங்க, பெரும்பாலும் எல்லாருமே தன் குளத்த நெசத்தவிட பெருசா நெனச்சுட்டு இருப்பாங்க. இன்னும் சரியா தெரியணும்னா மொத தடவ தண்ணி விடும்போது ஒரு 20 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தன நிமிஷம் ஆகுதுன்னு பாத்துட்டு, குளம் நிரம்ப எவ்ளோ நேரம் ஆச்சுன்னு வெச்சு கணக்குப் போடலாம். இந்த நம்பர எங்கயாவது எழுதி வைங்க, பின்னாடி மருந்து போடும்போதும் உப்பு போடும்போதும் இதுதான் வேணும்.

கோய்க்கு குறைஞ்சது 4,000 லிட்டர், ஆழம் 4 அடி. இது ஆரம்பம் மட்டும்தான், தாராளம்னு எடுத்துக்காதீங்க. ஒரு வளந்த கோய்க்கு 1,000 லிட்டர்னு ஒரு தோராயக் கணக்கு வெச்சுக்கலாம், அப்போ மேல சொன்ன 6,700 லிட்டர் குளத்துல ஆறு கோய்க்கு மேல வேணாம். ஆறு தானான்னு மூஞ்சி சுருங்குதுல்ல, தெரியும். கோல்ட்ஃபிஷ்னா 1,000 லிட்டர் குளம், 2 அடி ஆழமே போதும், ஒரு மீனுக்கு 80ல இருந்து 100 லிட்டர் வரைக்கும் விட்டா நல்லா இருக்கும். வெயில் கொளுத்துற எடமோ தண்ணி மேல உறையுற எடமோ ரெண்டுக்குமே ஆழம் கொஞ்சம் கூடுதலா இருக்கறது நல்லது, ஆழத்துல தண்ணியோட சூடு பொசுக்குன்னு மாறாது.

"மீன் குளத்தோட சைஸுக்கு ஏத்த மாதிரிதான் வளரும், சின்ன குளம்னா சின்னதாவே இருக்கும்" அப்படின்னு கடைல சொல்லுவாங்க. நம்பாதீங்க. சின்ன எடத்துல வளர்ச்சி நிக்கறதுக்கு காரணம் கழிவு சேந்து தண்ணி கெட்டுப்போறது. அந்த மீன் சௌக்கியமா சின்னதா இல்ல, நோவுல முடங்கிக் கெடக்கு, ஆயுசும் குறையும். நல்லா வளக்குற கோய் 60, 70 செ.மீ. வரும், சில ரகம் அதையும் தாண்டும். ஆயுசு 25, 30 வருஷம். குளத்துல வளர்ற சாதா கோல்ட்ஃபிஷ்ஷும், நீள வால் ரகமான கோமெட்டும் 25, 30 செ.மீ. வரைக்கும் வரும், 10, 15 வருஷம் சாதாரணமா இருக்கும், நல்லா பாத்துக்கிட்டா இன்னும் கூட. அதாவது கோய் வாங்குறவங்க இன்னைக்கு பள்ளிக்கூடம் போற புள்ளைக்கு கல்யாணம் ஆகுற வரைக்கும் ஒரு பொறுப்ப தலைல ஏத்திக்கறாங்க, வாடகை வீட்ல இருக்கவங்க, அடிக்கடி ஊர் மாறுறவங்க இத ஒரு தடவ யோசிச்சுக்கங்க.

குஞ்சுல ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும், கலப்பு தொட்டில இருந்து எடுக்கும்போது குழப்பம் வரும். வாய் ஓரத்த பாருங்க. கோய்க்கு மீசை இருக்கும், ரெண்டு ஜோடி, மேல் உதட்டு ஓரத்துல ஒரு குட்டி ஜோடி, வாய் முனைல கொஞ்சம் நீளமா இன்னொண்ணு. கோல்ட்ஃபிஷ்ஷுக்கு மீசையே கெடையாது. ரொம்ப குட்டி மீனா இருந்தா பக்கவாட்டுல கண்ணாடி வழியா டார்ச் அடிச்சுப் பாத்தாதான் தெரியும். மீசை இருக்கா இல்லையான்னு சந்தேகம் வர்ற மாதிரி கடுகளவு நீட்டிட்டு இருந்தா அது கலப்பினமா இருக்கலாம், ரெண்டும் ஒரே குளத்துல இருந்தா சேந்து குஞ்சு பொரிக்கும், ஆனா அந்தக் குஞ்சுங்க பெரும்பாலும் மலடு.

ரெண்டுமே கெண்டை குடும்பம்தான், சொந்தக்காரங்க, ஆனா ஒரே இனம் இல்ல. கோல்ட்ஃபிஷ் சீனாவுல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வளக்க ஆரம்பிச்சது, கோய் அதுக்கு ரொம்ப பிந்தி 19ஆம் நூற்றாண்டுல ஜப்பான்ல நீகாட்டா பக்கம் நெல் விவசாயிங்க சாப்பாட்டுக்கு வளத்த கெண்டைல கலர் வந்தத தனியா எடுத்துப் பெருக்கினது. 1914ல டோக்கியோல நடந்த கண்காட்சிக்கு அப்புறம்தான் வெளியூர்க்காரங்களுக்கே இது தெரிஞ்சுது. மேல இருந்து குனிஞ்சு பாக்கறதுக்குன்னே தேர்ந்தெடுத்து வந்ததால கோயோட அழகு முழுக்க முதுகுலதான், அதனாலதான் கண்ணாடித் தொட்டிய விட குளத்துல அது எடுப்பா தெரியும்.

இப்போ ஃபில்டர். இதத்தான் எல்லாரும் கடைசில யோசிக்கறாங்க, ஆனா காசும் உழைப்பும் போறதே இங்கதான். மீன் விடுற அமோனியா பெரும்பாலும் செவுள் வழியாவே வெளிய வரும், மிச்சம் சாணத்துலயும் அழுகுற தீனிலயும் வரும். ஃபில்டர்ல இருக்க ஸ்பாஞ்சு, மீடியான்னு உள்ள போடுற கல்லு, பிளாஸ்டிக் துண்டு மேலெல்லாம் ஒட்டி வாழுற பாக்டீரியா அத நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அத நைட்ரேட்டா மாத்தும். மொத ரெண்டும் விஷம், மூணாவது கொஞ்சம் பரவால்ல, தண்ணி மாத்தறதுலயும் செடிலயும் அது கொறஞ்சுடும். இந்த பாக்டீரியா கூட்டம் சேர 4ல இருந்து 6 வாரம் ஆகும், தண்ணி குளுகுளுன்னு இருந்தா இன்னும் கூட ஆகும். அதனால குளம் ரெடியான அன்னைக்கே ஒரு டஜன் மீன் விடறது கொலை பண்றதுக்கு சமம், ரெண்டு மூணு உரமான கோல்ட்ஃபிஷ் விட்டு தண்ணில அமோனியா, நைட்ரைட் அளக்குற டெஸ்ட் கிட் வெச்சு ஒருநாள் விட்டு ஒருநாள் பாத்துட்டு வாங்க, அமோனியா ஏறி எறங்கி, நைட்ரைட் ஏறி எறங்கி, ரெண்டும் ஜீரோல நின்ன அப்புறம் அடுத்த மீன். நடுவுல அமோனியா கலர் ஏறிடுச்சுன்னா தீனிய நிறுத்திட்டு கால்வாசி தண்ணிய மாத்துங்க. குளத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கறது மட்டும் ஒண்ணுத்தையும் காட்டாது, அமோனியா கண்ணுக்குத் தெரியாது.

கோய் குளத்துக்கு மொத்த தண்ணியும் ஒரு மணி நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஒரு சுத்து ஃபில்டர் வழியா போய் வரணும். 6,000 லிட்டர்னா மணிக்கு 3,000 லிட்டராவது. பம்பு டப்பா மேல போட்டிருக்க நம்பர் தண்ணிய மேல தூக்காம ஓட்டும்போது வர்றது, உங்க ஃபில்டர் 5 அடி மேல இருந்தா பைப்பு வளைவெல்லாம் சேத்து அதுல பாதிதான் தேறும்னு வெச்சுக்கங்க, அதே டப்பால இன்னொரு பக்கம் எத்தன அடி தூக்கினா எவ்ளோ வரும்னு ஒரு கோடு போட்டிருப்பாங்க, அத பாத்து வாங்குங்க. அடிப்பகுதில கழிவுத் தண்ணி போற குழாய் வெச்சு சாணத்த வெளிய எடுக்கறதும் கோய்க்கு கிட்டத்தட்ட கட்டாயம், கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடியே யோசிச்சு வெச்சா உண்டு, அப்புறம் வைக்கறது பெரிய அவஸ்தை. கோல்ட்ஃபிஷ் குளத்துக்கு ஒரு நடுத்தர ஃபில்டர், கொஞ்சம் செடி, வாரத்துக்கு பத்து பதினைஞ்சு சதவீதம் தண்ணி மாத்தறது, இதுவே போதும். கரண்டு பில்லுலயும் தீனி செலவுலயும் கோய் வளக்கறது யானையக் கட்டித் தீனி போடுற கதைதான், தெரிஞ்சே எறங்கினா சுகம், தெரியாம எறங்கினா புலம்பல்.

ஃபில்டர் ஸ்பாஞ்ச குழாய்த் தண்ணில அலசாதீங்க, குளோரின் அந்த பாக்டீரியாவ கொன்னுடும். குளத்துத் தண்ணியவே ஒரு பக்கெட்ல எடுத்து அதுல பிழிஞ்சா போதும், புத்தம்புதுசா வெளுக்கணும்னு அவசியம் இல்ல. புதுத் தண்ணி விடும்போதும் குளோரினப் போக்குற மருந்து, டீகுளோரினேட்டர் போடுங்க. ஒருநாள் வெயில்ல வெச்சா குளோரின் போயிடும்ங்கறது நெஜம்தான், ஆனா குளோரினுக்கு பதிலா குளோரமைன் போடுற ஊர்ல அது அப்படி லேசுல போகாது.

செடி புடிக்குமா உங்களுக்கு? அல்லி, தாமரை, ஓரத்துல புல்லு மாதிரி ஏதாச்சும்? அப்போ கோல்ட்ஃபிஷ் பக்கம் வாங்க. கோய் அடிமட்டத்த மோந்து மோந்து திங்கற சாதி, அல்லி வெச்ச தொட்டி மேல போட்ட கூழாங்கல்ல ஒண்ணொண்ணா வாயால கவ்வி ரெண்டு அங்குலம் தள்ளித் துப்பும், அடுத்தது எடுக்கும், துப்பும், சாயங்காலத்துக்குள்ள தொட்டில மண்ணு மேல வந்துடும், மறுநாள் வேரு மேல மெதக்கும். கைக்குள்ள அடங்காத பெரிய கல்லா போட்டு, தொட்டிய வலை கட்டி மூடி வெச்சா ஓரளவு தாங்கும், ஆனா எளந்தளிரு எல்லாம் அவுங்க கணக்குல கீரைதான். கோல்ட்ஃபிஷ்ஷும் கொறிக்கும், ஆனா தண்ணிக்குள்ள வளர்ற மெல்லிசான செடி சிலத தவிர மத்ததெல்லாம் பொழச்சுக்கும். கொசுப்புழு தின்னுற வேலைய ரெண்டுமே பாக்கும்.

கோல்ட்ஃபிஷ்னு முடிவு பண்ணாலும் எந்த ரகம்னு இன்னொரு கேள்வி இருக்கு. குளத்துக்கு ஏத்தது உடம்பு நீளமா ஒத்த வால் இருக்க ரகங்க, சாதா கோல்ட்ஃபிஷ், கோமெட், நீலமும் கருப்பு புள்ளியுமா இருக்க ஷுபுன்கின். வேகமா நீந்தும், குளிர் சூடு தாங்கும், தீனிக்கு போட்டி போடும். உருண்டை உடம்பு ரெட்டை வால் ரகங்க, ஒராண்டா, ரான்சு, ரியூகின், முட்டக்கண்ணு டெலஸ்கோப், கண்ணுக்கு கீழ பை தொங்குற பபுள் ஐ, இதுங்க மெதுவாத்தான் நகரும், பாதி ரகத்துக்கு கண்ணும் சரியா தெரியாது, கோமெட் கூட விட்டா தீனி கெடைக்காம மெலியும், பூனைக்கும் மீன்கொத்திக்கும் சுலபமா மாட்டும். அதுங்க வேணும்னா அதுங்களுக்குன்னு தனியா, கூர்முனை கல்லு எதுவும் இல்லாத ஒரு சின்ன குளம் பண்ணிக்குங்க.

ரெண்டையும் ஒண்ணா விடலாமான்னு கேட்டா, குளம் கோய் அளவுக்கு இருந்தா கோமெட், ஷுபுன்கின் ரெண்டையும் கூட விடலாம். அப்படி இல்லன்னா கூடாது, கோல்ட்ஃபிஷ் குளத்துல ஒரே ஒரு கோய் மட்டும்னு சொல்லிட்டு விடறதுதான் பாதி பிரச்சினைக்கு ஆரம்பம். கோய் வாயில நுழையற சைஸு மீன் எதையும் பெரிய கோய் கூட விடாதீங்க, தீனி போடும்போது பெருசுங்க ஒரு பக்கம் மொய்க்கும்போது சின்னதுங்களுக்கு இன்னொரு ஓரத்துல கொஞ்சம் தூவி விடுங்க. நோய் விஷயத்துலயும் ஒண்ணு கவனிக்கணும். கோய் ஹெர்பிஸ் வைரஸ்னு ஒண்ணு இருக்கு, 1998 வாக்குல இஸ்ரேல் பண்ணைங்கள்ல பெருசா அடிச்சதுக்கு அப்புறம் வெளிச்சத்துக்கு வந்தது, வந்துட்டா பெரும்பாலான கோய் போயிடும், மருந்தே கெடையாது. கோல்ட்ஃபிஷ்ஷ அது படுக்க வைக்காது, ஆனா வைரஸ சுமந்துட்டு வரலாம். அதனால கோய் இருக்க குளத்துக்கு வர்ற எந்த புது மீனா இருந்தாலும், கோல்ட்ஃபிஷ்ஷே ஆனாலும், தனி தொட்டில மூணு நாலு வாரமாவது வெச்சு பாத்துட்டு விடுங்க, அந்த தொட்டிக்கு வலையும் பக்கெட்டும் கூட தனியா இருக்கட்டும். நல்ல ஆரோக்கியமா தெரியுற மீன்தானேன்னு நேரா கொட்டிடாதீங்க.

வெயில் காலத்துல பெருசா மாட்டறது கோய்தான். 20 டிகிரி தண்ணில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரில ஏழரைதான், அதே நேரத்துல சூட்டுல மீனுக்கு மூச்சு தேவ ஏறும். ராத்திரி முழுக்க பாசியும் செடியும் கூட அதே ஆக்சிஜனத்தான் இழுக்கும், அதனால தண்ணில ஆக்சிஜன் ரொம்ப கம்மியா இருக்க நேரம் விடியக்காலம். காலைல எந்திரிச்சு போய் பாக்கும்போது மீனெல்லாம் அருவி விழுற எடத்துல, இல்ல பம்பு தண்ணி வர்ற வாய்க்கிட்ட வந்து மேல மூஞ்சிய நீட்டி வாயத் தொறந்து தொறந்து மூடிட்டு இருந்தா அது பசி இல்ல. தீனி போடாதீங்க, ஏர் பம்ப போடுங்க, கொஞ்சம் தண்ணி மாத்துங்க. பெரிய மீன்தான் மொதல்ல திணறும். கரண்டு அடிக்கடி போற எடமா இருந்தா பேட்டரில ஓடுற ஏர் பம்பு ஒண்ணு கைவசம் இல்லாம கோய் பக்கமே போகாதீங்க.

தீனி பத்தி ரெண்டு வார்த்தை. கெண்டை குடும்பத்துக்கே இரைப்பைன்னு ஒண்ணு கெடையாது, தின்னது நேரா குடலுக்கு போயிடும், அதனால ஒரேயடியா அள்ளிக் கொட்டறத விட நாளைக்கு ரெண்டு மூணு தடவ, அஞ்சு நிமிஷத்துல காலி பண்ற அளவுக்கு போதும். கைய நீட்டுனா வந்து வாங்கித் திங்கற பழக்கம் கோய்க்கு சீக்கிரம் வரும், கோல்ட்ஃபிஷ்ஷுக்கும் வரும், என்ன, கோய்க்கிட்ட இருக்க அந்த ஆளப் பாத்து ஓடி வர்ற கூத்து தனிதான், அத நான் மறுக்கல. தண்ணி 10 டிகிரிக்கு கீழ போனா ரெண்டுக்குமே தீனிய நிறுத்திடணும், செரிக்காது. மேல ஐஸ் கட்டற ஊர்ல அந்த ஐஸ சுத்தியலால தட்டி உடைக்காதீங்க, அதிர்ச்சி மீன பாதிக்கும், வெந்நீர் பாத்திரத்த மேல வெச்சு ஒரு ஓட்டை உருக்கி விடுங்க.

கொக்கு, நாரை, பூனை இதுங்க கோய் குஞ்சையும் கோல்ட்ஃபிஷ்ஷையும் பிரிச்சுப் பாக்காது. ஓரம் செங்குத்தா இருந்தா கொக்கு நின்னு கொத்த வசதி இருக்காது, சரிவா விட்டிருந்தா மேல வலைதான் வழி. கோய் எகிறிக் குதிக்கும், அதுவும் புது எடத்துக்கு வந்த மொத வாரத்துல, அப்போவாவது வலை போட்டு வைங்க.

கோல்ட்ஃபிஷ்ல ஒரு தொல்ல உண்டு, அது பெருகும். தண்ணி சூடாக ஆரம்பிக்கும்போது ஆம்பள மீனோட செவுள் மூடி மேலயும் முன் துடுப்பு ஓரத்துலயும் குட்டிக் குட்டியா வெள்ளப் புள்ளி வரும், நெறைய பேரு அத வெள்ளப்புள்ளி நோய்னு பயந்து மருந்து ஊத்திடுறாங்க. செவுள் மூடி, முன் துடுப்போட நின்னா அது இனப்பெருக்க அடையாளம், உடம்பு வாலு எல்லாத்துலயும் உப்பு தூவின மாதிரி தாறுமாறா இருந்தாதான் நோய். அப்புறம் பொம்பள மீன ரெண்டு மூணு துரத்தி செடிக்குள்ள முட்டித் தள்ளும், முட்டை செடில ஒட்டும், ஒரு வாரத்துக்குள்ள பொரியும். பாதி முட்டைய அவுங்களே தின்னுடுவாங்க, இருந்தும் செடி அடர்த்தியா இருந்தா கணிசமா தப்பிக்கும், குஞ்சுங்க கலர் இல்லாம பழுப்பா இருக்கறதால மாசக்கணக்குல உங்க கண்ணுலயே படாது, திடீர்னு ஒருநாள் மீன் டபுளா தெரியும். கோயும் முட்டை போடும், ஆனா செடி இல்லாத ஆழமான குளத்துல தப்பிக்கறது ரொம்ப கம்மி.

என்ன கேட்டா, மொத குளம்னா கண்ண மூடிட்டு கோமெட், ஷுபுன்கின். ஒரு வருஷம் தண்ணிய கட்டி ஆளக் கத்துக்குங்க, டெஸ்ட் கிட் பாக்கறது, ஃபில்டர் அலசறது, கோடைய தாண்டறது எல்லாம் பழகிடும். அப்புறமும் கோய் ஆசை போகலன்னா அந்தக் குளத்த பெருசு பண்ணாதீங்க, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு கடைசில ஒழுகும், கோய்க்குன்னே ஆழமா புதுசா ஒண்ணு தோண்டுங்க. எடமும் வசதியும் ஆரம்பத்துலயே இருக்கு, 4 அடிக்கு மேல தோண்ட முடியும், பம்ப நிறுத்தமாட்டேன்னு உறுதியா இருக்கறவங்க நேரா கோய்க்கே போகலாம், யாரும் தடுக்கல. கோஹாகு மாதிரி வெள்ளை செவப்பு, இல்ல ஒத்தக் கலர்ல மின்னுற ஓகோன், சின்ன சைஸுல நாலு வாங்கி ஆரம்பிங்க, சின்ன வயசுல இருக்க டிசைன் அப்படியே நிக்காது, மாறும், அதனால குஞ்சுக்கு பெருசா காசு கொட்டாதீங்க.

வாங்கும்போது துடுப்ப உடம்போட ஒட்டிட்டு ஓரத்துல தனியா நிக்கற மீன எடுக்காதீங்க, அந்த தொட்டில செத்த மீன் ஒண்ணு மெதந்தாலும் மொத்த தொட்டியையும் விட்டுடுங்க. வீட்டுக்கு வந்ததும் கவர தனித் தொட்டி தண்ணி மேல நெழல்ல ஒரு 20 நிமிஷம் மெதக்க விட்டு சூடு சமமான அப்புறம் மீன மட்டும் வலையால எடுத்து விடுங்க, கவர்ல இருக்க தண்ணிய உள்ள ஊத்தாதீங்க. அன்னைக்கு தீனி வேணாம். பெருகிப் போயிட்டாலும் சரி, பெருசாகி எடம் பத்தலன்னாலும் சரி, ஆத்துலயோ ஏரிலயோ கொண்டு போய் விடற வேலை மட்டும் வெச்சுக்காதீங்க, ரெண்டுமே அங்க பொழச்சு அடிமண்ண கெளறி இருக்கற மீனுக்கு வாழ வழி இல்லாம பண்ணிடும். குளம் வெச்சிருக்க வேற யாருக்காவது குடுங்க, இல்ல வாங்கின கடைலயே திருப்பி எடுப்பாங்களான்னு வாங்கும்போதே கேட்டு வெச்சுக்குங்க.